இன்னொரு தொட்டி எங்கே என்று கேட்பாய்

மச்சான்,

நேற்று திருப்பாதிரிப்புலியூரில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல்லில் குழி. அவர் ஒரு பஞ்சை எதிலோ நனைத்து அந்த இடத்தில் அழுத்தினார். கிராம்புத் தைலம். வாய் மரத்துப்போவதற்கு முன்பே வாசனை மூக்குக்கு ஏறி, கண் கலங்கிவிட்டது. "வலிக்குதா சார்?" என்று கேட்டார். வாயில் பஞ்சு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். பல்லின் நினைவே அப்போது எனக்கு இல்லை.

சிதம்பரத்தில் உன் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறை இருந்ததே, அதற்குள் நுழைந்ததும் முதலில் எதிர்கொள்வது இந்த வாசனைதான். முதல் தடவை வந்தபோது, "இன்னாடா, பல் ஆஸ்பத்திரி வச்சிருக்கியா?" என்று கேட்டேன். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மீனுக்குப் பல்வலி மச்சான்" என்றாய்.

விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்தே என்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டாய். கடலூர் கிறிஸ்தவப் பையன் ஒருவன் புவனகிரிப் பக்கத்து விவசாயி வீட்டுக்கு வந்து இப்படி உறவு கொண்டாடுவதைப் பார்த்து என் அம்மா, "எந்த வழியிலப்பா மச்சான்?" என்று விசாரித்தாள். "சோத்து வழியில அத்தை" என்று சொல்லி இலையில் உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நீ கல்லூரியில் விலங்கியல் வாத்தியார் ஆனாய். நான் பத்திரிகைக்காரன் ஆனேன். இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான் என்று நீ சொல்வாய். பார்த்ததை மட்டும் எழுதுவது.

அந்த மாடி அறை உனக்கு விருப்பப்பட்டு அமைந்ததில்லை. கடலூரில் ஆற்றோரம் இருக்கும் அந்த ஆலையின் கழிவுநீரை நீ ஆராயப் போகிறாய் என்று தெரிந்ததும், "கம்பெனி சமாச்சாரம் காலேஜ் லேப்ல வேணாம் சார்" என்று சொல்லிவிட்டார்கள். ஆலையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நம் இருவருக்கும் தெரியும், போதும். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சொந்த நுண்ணோக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். கலர் மீன் கடையில் வரிமீன்கள் வாங்கினாய். அவை வைக்கும் முட்டை கண்ணாடி போல இருப்பதால், உள்ளே உயிர் உருவாவதைத் திறக்காமலே பார்க்கலாம் என்று விளக்கினாய்.

எனக்கும் காட்டினாய். குண்டூசித் தலை அளவு முட்டை. உள்ளே ஒரு கமா மாதிரி சுருண்டு கிடந்தது அது. "நடுவுல பாரு, நடுவுல" என்றாய். ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. அதற்கு இதயம் வந்து சில மணி நேரம்தான் ஆகிறது என்றாய். எத்தனையோ விபத்துகளையும் வெள்ளங்களையும் பார்த்து எழுதியவன் நான். அந்தப் புள்ளி எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணத் தொடங்கினேன்.

பிறகு இரண்டாவது தட்டை வைத்தாய். ஆலையின் கழிவு சேரும் இடத்திலிருந்து எடுத்த தண்ணீரில், நிறைய நல்ல தண்ணீர் கலந்து, அதில் வளரவிட்ட முட்டைகள். அவையும் உயிரோடுதான் இருந்தன. ஆனால் முதுகெலும்பு கொக்கி போல வளைந்திருந்தது. இதயத்தைச் சுற்றி நீர் கோத்து நெஞ்சு ஒரு குமிழியாகப் புடைத்திருந்தது. அந்தக் குமிழிக்குள் இதயம் மெதுவாக, யோசித்து யோசித்துத் துடித்தது. ஒன்று முட்டையைவிட்டு வெளியே வந்திருந்தது. நீந்தப் பார்த்தது. வால் ஒரு பக்கமாக மட்டுமே அசைந்ததால் இருந்த இடத்திலேயே வட்டமடித்தது.

நீ ஒரு துளி கிராம்புத் தைலத்தைக் கரைத்து அந்தத் தட்டில் விட்டாய். வட்டம் சிறிதாகிச் சிறிதாகி நின்றது. "தூங்கு" என்றாய், ஏதோ குழந்தையிடம் சொல்வது போல.

"அதுக்கு வலிக்குமாடா?" என்று கேட்டேன்.

"தெரியாது மச்சான். தெரியாததாலதான் ஊத்துறேன்."

முதல் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நீ அந்தத் தட்டுகளின் படங்களைக் கொண்டுவந்தாய். ஆலையை விரிவாக்குவது பற்றி மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். கல்யாண மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலில் பிரியாணிப் பொட்டலம். மேடையில் அதிகாரிகளுக்குப் பக்கத்தில் ஆலையின் ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். அவரும் உன்னைப் போல விலங்கியல் படித்தவர்தான். அதை நீ எனக்கு ஒருவித நம்பிக்கையோடு சொன்னாய். "படிச்சவரு மச்சான், படத்தப் பாத்தாலே புரிஞ்சுக்குவாரு."

புரிந்துகொண்டார். அதுதான் எனக்கு ஆறாதது. தெரியாமல் பேசியிருந்தால் விட்டிருப்பேன்.

நீ பேசி முடித்ததும் அவர் மெதுவாக எழுந்தார். வளர்ந்த மீன்களை ஆலைத் தண்ணீரில் விட்டுப் பார்த்ததாகவும், நாலு நாளும் அவை ஜோராக நீந்தியதாகவும் சொன்னார். பிறகு உன் பக்கம் திரும்பினார். "சார் எங்க வச்சு இந்த ஆராய்ச்சி பண்ணாரு? மொட்ட மாடி. தகரக் கூரை. சிதம்பரத்துல மத்தியான வெயில்ல நம்மளே கோணிப் போயிடுறோம், மீன் கோணாதா?"

மண்டபம் சிரித்தது. மேடையில் அதிகாரிகளும் சிரித்தார்கள். உண்மையாகவே நல்ல ஜோக். நீ எழுந்து, "பக்கத்துல நல்ல தண்ணித் தட்டும் அதே வெயில்லதான் இருந்துச்சு" என்றாய். உன் குரல் எனக்குக் கேட்டது, நான் உன் பக்கத்து நாற்காலியில் இருந்ததால். மைக் அதற்குள் அடுத்த வரிசைக்குப் போயிருந்தது. அவர் உன் உதடு அசைவதைப் பார்த்தார். என்ன சொல்கிறாய் என்று அவருக்குத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தட்டு வைக்காமல் அவருடைய படிப்பில் யாரும் எதையும் செய்வதில்லை. தெரிந்தும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

நான் அதைக் குறித்துக்கொண்டேன். அந்த ஒரு வாய்த் தண்ணீரை.

வாசலில் பிரியாணிப் பொட்டலத்தை நீட்டினார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறினோம். வெள்ளாற்றுப் பாலம் வந்தது. பாலத்தில் காற்று அடித்ததும், "ஜோக்கு நல்லாத்தான் இருந்துச்சு மச்சான்" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தாளு கழுத்தப் புடிக்கணும்டா" என்றேன். "கழுத்தப் புடிச்சா அதுவும் கோணும்" என்று சொல்லி, நீயே சிரித்து, சிரிப்பு பாதியில் நின்று, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு கல்லூரியில் உன் பெயர் கோண மீனு சார். நீ வராந்தாவில் நடந்தால் பின்னால் ஒருவன் கழுத்தைச் சாய்த்து நடப்பான். சக வாத்தியார்களே, "இன்னா சார், இன்னைக்கு வெயிலு ஜாஸ்தி, பாத்து" என்பார்கள். நீ அனுப்பிய கட்டுரையை இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். ஆய்வு நடந்த இடம் சரியில்லை என்று. மேடையில் சொன்ன ஜோக் எழுத்தில் அதிகார பாஷையாக வந்தது, அவ்வளவுதான். நீ மறுபடி செய்தாய், குளிர்ந்த மாதத்தில். மறுபடி கோணின. நல்ல தண்ணீரிலும் ஒன்றிரண்டு தானாகக் கோணும். அதையும் மறைக்காமல் எழுதினாய். யாரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நீ அந்த ஆலோசகருக்காகவும் ஜெபித்தாய் என்று உன் மனைவி, என் தங்கச்சி முறை, ஒருநாள் சொன்னாள். செய்வாய், உன் குணம் அது. எனக்கு அந்தக் குணம் கிடையாது, மச்சான். என் தொழிலில் கோபத்தை ஆறவைத்துத்தான் எழுத வேண்டும். ஆறிய கோபம் போய்விடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். கெட்டியாகத்தான் ஆகும்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாய். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. "எனக்கே வந்துடுச்சு பாரு" என்று சொல்லிச் சிரித்தாய். நர்ஸ் உன்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். அந்தப் படத்துக்கும் மீன்களுக்கும் நான் முடிச்சுப் போடப் போவதில்லை. போட்டால் முதலில் திட்டுவது நீதான். உனக்கு வந்த நோய்க்கு டாக்டர்கள் வேறு காரணம் சொன்னார்கள், நானும் அதையே எழுதுகிறேன். ஆனால் உன் சவப்பெட்டியை மூடியபோது வாசலில் நின்ற கூட்டத்தில் யாரோ யாரிடமோ, "யாரு, கோண மீனு சாரா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அந்தப் பெயரோடு உன்னை மண்ணுக்குள் அனுப்பியதற்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஆயுதம் நீ விட்டுவிட்டுப் போனதுதான்.

ஆலையின் வரவேற்பறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது, நினைவிருக்கிறதா? 'சுத்திகரிக்கப்பட்ட எங்கள் நீர்' என்று பித்தளைப் பலகை. உள்ளே கொழுத்த ஜிலேபி மீன்கள். வருகிற அதிகாரிகளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அதைத்தான் காட்டுவார்கள். நிருபர்களைக் கூப்பிட்டிருந்த நாளில் நீயும் என்னோடு வந்தாய். மற்றவர்கள் வடை சாப்பிடப் போன பிறகும் நீ தொட்டியை விட்டு நகரவில்லை.

"இது ஜிலேபி மச்சான்" என்றாய். "எந்தத் தண்ணியிலயும் சாவாதுன்னு தேடிப் புடிச்சு வுட்டிருக்காங்க. ஆனா இது பெருகாம இருக்காதே. அதோ பாரு, அந்தப் பொட்டை தாடை வீங்கியிருக்கு, தீனிக்கு வரல. வாயில முட்டை வச்சிருக்கு. முட்டை பொரிஞ்சு பொடிசு வெளிய வர்ற வரைக்கும் வாயிலயே வச்சிருக்கும். இவ்ளோ நாளா தொட்டி இருக்கு, ஒரு பொடிசையும் காணோமே."

"இதச் சொல்லுடா கூட்டத்துல!" என்றேன்.

"எப்படிச் சொல்றது? இதே மாதிரி இன்னொரு தொட்டி, நல்ல தண்ணியில, இருந்தாத்தான் சொல்லலாம். பெருசுங்க தின்னிருக்கலாம். வேற ஏதாவது இருக்கலாம். தெரியாதத எப்படிச் சொல்றது?"

அன்றும் சொல்லவில்லை, மண்டபம் உன்னைப் பார்த்துச் சிரித்தபோதும் சொல்லவில்லை. கையில் இருந்த கல்லை வீசாமல் நின்றாய். நீ போன பிறகு அந்தக் கல்லை நான் எடுத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற நிருபரை யாரும் சந்தேகப்படுவதில்லை. தீபாவளி மலருக்குக் கட்டுரை, பள்ளிக்கூடச் சுற்றுலா என்று ஏதாவது சொல்லிக்கொண்டு அந்த வரவேற்பறைக்குப் போய்க்கொண்டே இருந்தேன். ஆலோசகரே வந்து காபி கொடுப்பார். மீன்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார். நான் தலையாட்டுவேன். ஒரு பொட்டையின் தாடை வீங்கும். தீனி போட்டால் மூலையில் ஒதுங்கி நிற்கும். சில வாரங்களில் தாடை வற்றிப் பழையபடி தின்ன வரும். தொட்டியில் புதிதாக எதுவும் இருக்காது. போகும்போதெல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டேன். கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் ஒருமுறைகூட வாயில் எடுக்கவில்லை. எந்தக் கேள்விக்காகப் போயிருக்கிறோமோ அதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். மற்ற கதவுகளையெல்லாம் அவர் கையாலேயே சாத்தவைத்த பிறகு. இது என் தொழில். உன் தொழிலில் இதற்கு என்ன பெயரோ தெரியாது.

ஆலையை இன்னும் விரிவாக்க மறுபடி கூட்டம் வந்தது. அதே மண்டபம். அதே ஆலோசகர், தலை மட்டும் நரைத்திருந்தது. முன் வரிசையில் மீன்காரப் பெண்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் எனக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் அஞ்சலையும் இருந்தாள். மைக் என் கைக்கு வந்ததும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இந்தத் தடவை யாராவது பிடுங்க வந்தால் என் கையோடுதான் எடுத்துப்போக வேண்டும்.

"ஒங்க தொட்டி மீனப் பத்திக் கேக்கணும் சார்" என்றேன்.

ஆலோசகர் முகம் மலர்ந்தது. "கேளுங்க சார், நீங்கதான் அதுக்கு ரசிகராச்சே."

"எல்லாம் ஆண் மீனா?"

"ஆணும் இருக்கு, பொட்டையும் இருக்கு. குடும்பம் குடும்பமா இருக்கு."

"செத்தா மாத்துவீங்களா?"

"மாத்தினதே இல்ல. அதே மீனுங்கதான். நீங்களே எத்தன வாட்டி பாத்திருக்கீங்க!"

"தீனியெல்லாம்?"

"ரெண்டு வேளையும் போடுறோம். ஒவ்வொண்ணும் தாம்பாளம் கணக்கா இருக்கு."

"முட்டை வைக்குதா சார்?"

"வைக்காம? பொட்டை வாயில முட்டையோட சுத்துறத ஸ்கூல் பசங்களுக்கே காட்டுறோமே. அவ்ளோ ஆரோக்கியமான தண்ணி."

எல்லாக் கதவும் சாத்தியாயிற்று. நான் அவசரப்படவில்லை. அவர் தண்ணீர் பாட்டிலை எடுக்கும் வரை காத்திருந்தேன்.

"அப்போ பொடிசெல்லாம் எங்க சார்?"

முன் வரிசையில் அஞ்சலை எழுந்தாள். "அதான? ஜிலேபிய ஒரு ஜோடி கெணத்துல வுட்டா மறு வருசம் கெணத்துல தண்ணியே தெரியாது. இங்க மட்டும் இன்னா, கம்பெனியில குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணி வுட்டுட்டாங்களா?"

சிரிப்பு முன் வரிசையிலிருந்து கிளம்பிக் கடைசி நாற்காலி வரை போனது. "பெரிய மீன் தின்னுடும்மா" என்றார் ஆலோசகர். "ஏரியில பெரிய மீனு இல்லியா சார்? அது தின்னது போவ மிச்சத்தத்தான நாங்க கூறு கட்டி விக்கிறோம்" என்றாள். மேடையில் அதிகாரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஆலோசகரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்து இந்த அடி வருகிறது என்று தேடியது அது. என்னைப் பார்த்தது, என் பக்கத்து நாற்காலியைப் பார்த்தது. அதில் நான் யாரையும் உட்காரவிடவில்லை.

அப்போது அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது. கோபத்தில் வாய் நழுவியது. "வேணும்னா யாரு வேணா வாங்க! எங்க தண்ணியில, எங்க ஆபீஸ் ரூம்லயே, முட்டைய வச்சுப் பொரிய வச்சுப் பாருங்க!"

"ஏசி ரூமா சார்?"

"ஏசி ரூம்தான்!"

"அப்போ வெயில்ல கோணுச்சுன்னு சொல்ல மாட்டீங்களே?"

பழைய ஆட்கள் சிலருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "கோண மீனு சாருக்காகக் கேக்கறாரு" என்று ஒரு குரல் சொன்னது. இந்தத் தடவை அதில் கிண்டல் இல்லை. சார் சொன்னதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொள்ளும்படி அதிகாரியிடம் கேட்டேன். எழுதினார்கள். வாசலில் பிரியாணிப் பொட்டலம் நீட்டினார்கள். வாங்கி, அங்கேயே நின்று, கடைசிப் பருக்கை வரை தின்றேன். அப்படி ஒரு ருசியை நான் அறிந்ததில்லை.

அடுத்த வாரமே வரவேற்பறையிலிருந்து தொட்டி காணாமல் போனது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் மூங்கில் வைத்திருக்கிறார்களாம். ஆலோசகர் மார்க்கெட் பக்கம் காரில் போனால், "பொடிசு சார் போறாரு" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு இனிக்கிறது. மறைக்க மாட்டேன்.

கல்லறைத் திருநாளுக்குத் தங்கச்சியோடு உன்னைப் பார்க்க வந்தேன். கல்லைக் கழுவிவிட்டு, செவந்திப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினாள். காற்றில் அது அணைந்துகொண்டே இருந்தது. அவளும் விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்தாள். கூட்டத்தில் நடந்ததை உனக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

முழுதும் கேட்டுவிட்டு அவள், "அவரு இருந்தா ஒங்களத் திட்டியிருப்பாருண்ணே" என்றாள்.

"தெரியும்மா."

"இன்னொரு தொட்டி எங்கன்னு கேட்டிருப்பாரு. ஊரச் சிரிக்க வச்சு ஜெயிக்கிறதுக்கு அந்தாளே போதுமே, நீ எதுக்குன்னு கேட்டிருப்பாரு."

நான் அணைந்த மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்தேன். பதில் இருந்தது. ஆலோசகர் உண்மையைத் தெரிந்துகொண்டு சிரிக்க வைத்தார். நான் தெரியாமலே சிரிக்க வைத்தேன். உன் கணக்கில் இரண்டும் ஒன்று. என் கணக்கில் இல்லை. மறுபடி அந்த மைக் கிடைத்தால் மறுபடியும் கேட்பேன்.

தங்கச்சி தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டே, "திட்டட்டும்" என்றாள். "அன்னைக்கு நைட்டு நான் நல்லாத் தூங்குனேன்ணே." பிறகு, "மாடி ரூம் சும்மாத்தான கெடக்கு" என்றாள்.

அதனால் இன்னொரு தொட்டி இருக்கிறது, மச்சான். உன் மாடியில், அதே தகரக் கூரைக்குக் கீழே, உன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில். ஆலைத் தொட்டியில் இருந்த அதே ஜாடை ஜிலேபிகளை அஞ்சலை தேடிப் பிடித்துக் கொடுத்தாள். பங்குனி வெயில் ஏறியதும் ஒரு பொட்டையின் தாடை வீங்கியது. தீனிக்கு வராமல் மூலையில் நின்றது. பிறகு ஒரு காலையில் தங்கச்சி போன் செய்து, "அண்ணே, தண்ணியே தெரியலண்ணே" என்றாள். ஓடினேன். தொட்டி முழுக்கப் பொடிசு. என் நிழல் பட்டதும் தாய் வாயைத் திறந்தது. அத்தனையும் திரும்ப அதற்குள் ஓடின. நேராக, மச்சான். ஊசி போல நேராக. சிதம்பரத்து வெயிலில்.

குறிப்பில் எழுதியதை அவர்களால் விழுங்க முடியவில்லை. ஒரு குழு போட்டிருக்கிறார்கள். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் நாளை காலை உன் மாடிக்கு வருகிறார். இன்னொரு பொட்டை வாயில் முட்டையோடு இருக்கிறது. அந்த முட்டைகளை எடுத்து இரண்டாகப் பிரித்து, பாதியை ஆலைத் தண்ணீரிலும் பாதியை உன் கிணற்றுத் தண்ணீரிலும் வைக்கப் போகிறார். இரண்டு தட்டும் ஒரே மேஜையில், ஆலோசகரின் ஏசி அறையில். தட்டுகளுக்குச் சீல் வைக்கும் தாளில் அவரும் தினமும் கையெழுத்துப் போட வேண்டும். தினமும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முட்டையாவது அவர் பார்க்காமல் தப்பக் கூடாது என்று நான்தான் மனுவில் எழுதிக் கேட்டேன்.

இரண்டு தட்டிலும் நேராக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்பாய். அப்படியே எழுதுவேன், எல்லோரும் படிக்கும்படி. அந்த அளவுக்கு உன்னோடு சோறு தின்றிருக்கிறேன். எழுதிய கை எரியும். எரியட்டும்.

கோணினால், அது உன் வெயிலில் கோணவில்லை என்று அவர் வாயாலேயே அந்த மண்டபத்தில் சொல்லவைப்பேன். உன் பெயரைச் சொல்லி, கோண மீனு என்று இல்லாமல் உன் அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லி, சொல்ல வேண்டும். மைக்கை நானே பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நுண்ணோக்கியைத் துடைத்து வைத்துவிட்டாள் தங்கச்சி. உன் அலமாரியிலிருந்த கிராம்புத் தைலப் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டேன். அடியில் கொஞ்சம் இருக்கிறது. தாயின் வாயிலிருந்து முட்டையை எடுக்கும்போது அது துடிக்காமல் இருக்க ஒரு துளி. ஏதாவது கோணி, வட்டமடித்தால், அதற்கு ஒரு துளி. வலிக்குமா என்று எனக்கும் தெரியாது. தெரியாததால் ஊற்றச் சொல்வேன்.

ஆலோசகருக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு சொட்டும் கிடையாது.